நாலாவது பிடி உப்பு

உப்பின்மேல் வெறுங்கால் விழுகிற சத்தத்தை ஒருமுறை கேட்டவர்களுக்கு அது மறப்பதில்லை. காய்ந்த அப்பளத்தை யாரோ மடியில் வைத்துக்கொண்டு, பேச்சுக்கு நடுவே, கவனமில்லாமல் நொறுக்குவது போலிருக்கும். ராசமணியின் நடையில் வலது காலுக்கு ஒரு நறுக், இடது காலுக்கு ஒரு நறுக்கும் அதன் பின்னால் ஓர் இழுப்பும் உண்டு, ஏனென்றால் இடது காலின் சுண்டுவிரலை உப்பு என்றைக்கோ தின்றுவிட்டிருந்தது. ஓலைப் பெட்டிகளிலிருந்து சிந்திச் சிந்தி உப்பே பாவிக் கிடந்த உப்பளத்துக் குடியிருப்புத் தெருவில் அந்த நடை திரும்பும்போதே அவன் பெண்டாட்டி தங்கபுஷ்பம் எழுந்து சோற்றுப் பானையைத் திறப்பாள். இருபத்திரண்டு வருஷம் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் அவள் தட்டு வைத்தாள், கடிகாரத்தைப் பார்த்து அல்ல, அந்த வீட்டில் கடிகாரம் கிடையாது.

தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனதற்கு மூன்றாம் வருஷம், மாசி மாதம், உடங்கரை அளத்தில் அந்த வருஷத்து முதல் உப்பை வாரிக் கொட்டானில் நிறைத்துவிட்டு நிமிர்ந்த ராசமணி, நெஞ்சைப் பிடிக்கக்கூட நேரமில்லாதவனைப்போல வரப்பில் உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே செத்துப்போனான். அவனைத் தூக்குகிற அவசரத்தில் யாரோ அந்த ஓலைக் கொட்டானை உப்பு அம்பாரத்தில் கவிழ்த்துவிட்டார்கள். பின்னால் நடந்ததற்கெல்லாம் காரணம் தேடியவர்கள் வானத்தில் தேடினார்கள், வேதத்தில் தேடினார்கள். கவிழ்ந்த கொட்டானை ஒருவரும் நினைக்கவில்லை.

உடங்கரையில் முதல் உப்பு அம்பாரத்துக்குப் போகாது. நாலு பிடி கொள்ளும் கொட்டானில் அதை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, வெறுங்காலோடு, வாய் பேசாமல், எங்கும் இறக்கி வைக்காமல் ஒருவன் ஊரைச் சுற்றுவான். முதல் பிடி முப்பிடாரி அம்மன் வாசலில், இரண்டாம் பிடி அந்தோணியார் கோயில் வாசலில், மூன்றாம் பிடி தர்கா வாசலில், நாலாவது பிடி சுமந்தவன் வீட்டு உலையில். மழை பெய்தால் உப்பு கரைந்துவிடும், மழை எந்தச் சாமியின் கையில் இருக்கிறதென்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது, ஆகவே ஒருவரையும் பகைத்துக்கொள்ளக் கூடாது என்பது அந்த ஊரின் கணக்கு. அந்தத் தெரியாமைதான் உடங்கரைக்கு இருந்த ஒரே அறிவு என்று இப்போது தோன்றுகிறது. முப்பது வருஷமாக அந்தச் சுற்றைச் சுற்றியவன் ராசமணி.

அவனை எரித்தார்கள். பாதங்கள் எரியவில்லை. அதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. உப்பில் நின்று நின்று கல்லாய்ப்போன கால்களைத் தீ தின்னாது, அளத்துச் சனம் பரம்பரையாக அறிந்தது. மற்ற சனங்களில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை, ஆனால் அளத்துச் சனத்தில் மறுநாள் பெண்டாட்டி போவாள், மிஞ்சிய பாதங்களைச் சாம்பலிலிருந்து எடுத்துத் துணியில் சுற்றித் தன் கையால் உப்பில் புதைப்பாள். அது முடிகிறவரை போனவன் போனவன் ஆகமாட்டான்; அங்கும் இல்லாமல் இங்கும் இல்லாமல் நிற்பான். தங்கபுஷ்பம் கோடித் துணியோடு போனபோது சாம்பலில் இரண்டு பள்ளங்கள் இருந்தன, பள்ளங்களிலிருந்து ஊரைப் பார்த்து இரண்டு கால்தடங்கள் கிளம்பியிருந்தன. இடது தடத்தில் சுண்டுவிரல் இல்லை, பின்னால் ஓர் இழுப்பு இருந்தது.

"கொஞ்ச நேரம் பொறுக்கமாட்டீரே," என்று அவள் சாம்பலைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் தடத்தின் பின்னால் நடந்தாள்.

பாதங்கள் முப்பிடாரி அம்மன் வாசலுக்கு வந்து நின்றிருந்தன. கணுக்காலுக்கு மேலே ஒன்றுமில்லை. நின்ற இடத்தில் ஒரு பிடி உப்பு கசிந்து கிடந்தது. கோயில் கமிட்டித் தலைவர் கோமதிநாயகம், எண்ணெய்ச் செக்கு வைத்திருப்பவர், அவள் வருவதற்குள் அவற்றை நடைவாசலிலிருந்து ஒரு வெள்ளித் தாம்பாளத்துக்கு மாற்றி, மஞ்சளும் பூசிவிட்டிருந்தார்.

"அண்ணாச்சி, அது எங்க வீட்டுக்காரவிய காலு. குடுங்க, கொண்டுபோய்ப் பொதைக்கணும்."

"நேத்து வரைக்கும் உன் வீட்டுக்காரன் காலும்மா. இன்னைக்கு அது அம்மனைத் தேடி வந்த காலு."

"அம்மனைத் தேடியா? உயிரோட இருக்கையில அவுக எந்தக் கோயிலுக்கும் உள்ள வந்தது கெடையாதே."

"அதான் இப்ப வந்திருக்கான்," என்றார் கோமதிநாயகம்.

மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஊர் கண்ணயர்ந்த நேரத்தில் பாதங்கள் தாம்பாளத்தை விட்டு இறங்கிவிட்டன. முழங்கால் இல்லாத பாதம் ஓர் எட்டு வைக்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று யோசித்தால் தெரியும். மூன்று தெரு தாண்ட இரண்டு நாள் ஆயிற்று. அந்தோணியார் கோயில் வாசலில் அவை வந்து நின்றபோது உபதேசியார் சூசைமரியான் மணியடித்தார், மெழுகுவர்த்தி ஏற்றினார், கண்ணாடிப் பெட்டி ஒன்று கொண்டுவரச் சொன்னார். கண்ணாடிப் பெட்டியிலும் அவை ஒரு பிடி உப்புக் கசியும் நேரம்தான் தங்கின. ஏழாம் நாள் தர்கா வாசலுக்குப் போய்ச் சேர்ந்தன. அதற்கு முந்தைய வாரம்வரை தர்காவுக்குப் போவதே மார்க்கத்துக்கு விரோதம் என்று ஜமாத்தில் பாதிப் பேர் மீதிப் பாதியோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள். பாதங்கள் வந்த அன்றைக்கு அந்தச் சண்டை ஒத்திவைக்கப்பட்டது, ஏனென்றால் அதைவிடப் பெரிய சண்டைக்கு ஆள் தேவைப்பட்டது.

ஜமாத் தலைவர் அகமது மீரா மற்ற இருவரையும்விட நிதானமானவர், எனவே மற்ற இருவரும் செய்யாததைச் செய்தார். பாதங்களை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

உடங்கரையில் அதுவரை எது மெய்யான மதம் என்று யாரும் கேட்டதில்லை. இப்போது கேட்டார்கள், ஏனென்றால் இப்போது சாட்சி இருந்தது. தீயைத் தாண்டிய சாட்சி, அந்தப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிய சாட்சி. வாய் இருந்தால் பொய் சொல்லும், கண் இருந்தால் வேண்டியவர் வேண்டாதவர் பார்க்கும், காலுக்கு இரண்டும் கிடையாது. ஆகவே கால் எங்கே நிலைத்து நிற்கிறதோ அதுதான் மெய், மற்ற இரண்டும் பொய் என்று டீக்கடையில் முடிவாயிற்று. எரித்தோம், அதனால் எங்கள் ஆள் என்றது ஒரு தெரு. எரித்தும் எரியவில்லையே, எழுந்துவந்தது எங்கள் வேதப்படி என்றது அடுத்த தெரு. எரித்தது பிடிக்காமல்தானே எழுந்து எங்களிடம் வந்தது என்றது மூன்றாம் தெரு. ராசமணியைப் பெற்றவள் அவனுக்கு மூன்று வயதில் காய்ச்சல் கண்டபோது அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டதும், ஏழு வயதில் பாம்பு தீண்டியபோது தர்காவில் கிடத்தியதும், இரண்டு தடவையும் போகிற வழியில் அம்மனுக்குத் தேங்காய் உடைத்ததும் தோண்டி எடுக்கப்பட்டன. முப்பது வருஷம் உப்பை வாசலில் வாங்கிக்கொண்டவர்களில் ஒருவருக்காவது அந்த வழியும் அந்த வரிசையும் நினைவுக்கு வரவில்லை. முப்பது வருஷமும் அவர்கள் கொட்டானைத்தான் பார்த்தார்கள், காலைப் பார்த்ததில்லை.

தங்கபுஷ்பத்துக்கு முதல் நாளே தெரியும். மூன்று வாசல் முடிந்தது, இனி வீடு. தர்காவிலிருந்து அளத்துக் குடியிருப்புக்கு முக்கால் மைல். பெட்டியை மட்டும் திறந்தால் வந்துவிடுவார். வந்தால் புதைக்கலாம். புதைத்தால் அவர் போய்விடுவார், ஆனாலும் நடுவழியில் ஒருவனை நிறுத்தி வைப்பதைவிட அது மேல். துக்கத்துக்கு உட்கார அவளுக்கு நேரமில்லை. பதினோராம் நாளே வேலைக்குப் போனாள்.

உப்புச் சுமை ஒற்றை ஆள் வேலையல்ல. நிறைந்த பெட்டியைத் தன் தலைக்குத் தானே ஏற்றிக்கொள்ள எந்தப் பொம்பளையாலும் முடியாது; எதிரே ஒருத்தி நின்று ஒரு கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டும். தங்கபுஷ்பத்துக்குப் பத்தொன்பது வருஷமாகத் தூக்கிவிட்டவள் சவேரியம்மாள். அன்றைக்குத் தங்கபுஷ்பம் பெட்டியை நிறைத்துவிட்டு நிமிர்ந்தபோது சவேரியம்மாள் அடுத்த பாத்தியில் வேறொருத்தியோடு நின்றாள். அளம் முழுவதும் அப்படித்தான் இருந்தது. ஜோடிகள் கலைந்து, மஞ்சள் கயிறு மஞ்சள் கயிற்றுக்கு, சிலுவை சிலுவைக்கு, முக்காடு முக்காட்டுக்கு என்று தூக்கிவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஏட்டி சவேரி, ஒரு கை குடு."

"ஒங்க ஆளுகள கூப்பிடு."

"எனக்கு ஏதுட்டி ஆளு? இருந்த ஒரு ஆளையும் பெட்டிக்குள்ள பூட்டிட்டாவ."

சவேரியம்மாள் குனிந்தபடி சொன்னாள்: "அந்தோணியாருகிட்ட வந்த கால கண்ணாடிப் பெட்டியில இருந்து உங்க ஆளுகதான் செய்வினை வச்சு எழுப்பிவிட்டாவளாம். உபதேசியார் சொன்னாரு."

"கோயில் தெருவுல உள்ளவிய செஞ்சா அளத்துல நிக்கிற எம்மேல ஏன்ட்டி கோவம்?"

"எனக்குத் தெரியாது. தூக்கிவிட்டா சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லணும்."

அன்றிலிருந்து தங்கபுஷ்பம் அரைப்பெட்டி சுமந்தாள். அரைப்பெட்டிக்குக் கங்காணி அரைக்கூலி போட்டான். ஊர்க் குழாயில் தண்ணீருக்கு மூன்று வரிசை வந்தது, மருத்துவச்சி ஒரு தெருவுக்கு மட்டும் மருத்துவச்சி ஆனாள், ஆட்டுக்குட்டிகள்கூடத் தெரு மாறி மேய்ந்தால் கால் ஒடிந்து திரும்பின. பாதங்கள் பெட்டிக்குள் நடந்துகொண்டே இருந்தன. இரும்பில் உப்பு உரசுகிற ஓசை, ஒன்றும் ஓர் இழுப்பும், தர்காவைத் தாண்டிப் போகிற எல்லோர் காதிலும் விழுந்தது. உறங்க முடியாமல் உடங்கரை நாளுக்கு நாள் கொடூரமாயிற்று. செக்கில் யாரோ மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். அந்தோணியார் கொடிமரம் வெட்டப்பட்டது. தர்காவின் பச்சைக் கொடியைத் தெருநாய் கழுத்தில் பார்த்தார்கள்.

தாசில்தார் வந்து பெட்டியைத் தாலுகா அலுவலகத்துக்கு எடுத்துப் போனார். அமைதிக் கூட்டம் கூட்டினார். மூன்று தரப்புக்கும் மூன்று பெஞ்சு, எல்லோருக்கும் கலர் சோடா. சம்பந்தப்பட்டவள் என்று தங்கபுஷ்பத்தையும் வரச் சொல்லியிருந்தார்கள், அவளுக்குப் பெஞ்சு போடவில்லை; அவள் சுவரோரம் நின்றாள்.

"உனக்கு ஏதும் சொல்லணுமாம்மா?" என்று தாசில்தார் கடைசியில் கேட்டார், மணியைப் பார்த்தபடி.

"சொல்லணும்யா. அவுக எந்தச் சாமியையும் தேடி வரல. செத்த அன்னிக்கு மொத உப்பு கையில இருந்துச்சு. அத ஊருக்குக் குடுக்காமச் செத்துட்டாவ. அதான் குடுக்குதாவ. அம்மன், அந்தோணியாரு, தர்கா, மூணு வாசலும் முடிஞ்சிட்டு. நாலாவது எங்க அடுக்களை. நீங்க பெட்டியத் தொறந்தா நேரா ஒலைக்கு வந்துருவாவ. அம்புட்டுத்தான் சங்கதி."

கோமதிநாயகம் சிரித்தார். சூசைமரியான் சிரித்தார். அகமது மீரா வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்த மூவரும் ஒன்றாகச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

"சாமி வாசல்ல நின்ன காலு உன் சோத்துப் பானைக்கா வரும்?" என்றார் கோமதிநாயகம்.

"ஏன் அண்ணாச்சி, அந்தச் சோத்தத் தின்னுதானே அந்தக் காலு நடந்துச்சு?"

"பொம்பளை துக்கத்துல பேசுதா," என்றார் சூசைமரியான், தாசில்தாரிடம், மென்மையாக. "பேசட்டும்."

"மீரா காக்கா, நீங்களாவது சொல்லுங்க. வருசா வருசம் உங்க கையிலதானே உப்ப வாங்குனீய?"

அகமது மீரா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "உப்பு வேற, இது வேறம்மா," என்றார். அவருக்கு மட்டும் அந்த நொடியில் விளங்கியிருக்கும் என்றுதான் தங்கபுஷ்பம் கடைசிவரை நம்பினாள். விளங்கியும் சொல்லாததால் மற்ற இருவரைவிட அவரைத்தான் அவள் அதிகமாக வெறுத்தாள்.

தீர்மானம் எழுதப்பட்டது. வருகிற வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பாதங்களை ஊர் நடு நாற்சந்தியில் இறக்கி விடுவது. அவை எந்தத் தெருவில் நடந்து எந்த ஆலயத்தை அடைகின்றனவோ அதுவே மெய்யான மார்க்கமென்று மற்ற இரு தரப்பாரும் ஒப்புக்கொள்வது. மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். மூன்று தெரு முனையிலும் மூன்று கூட்டம் நிற்கும். நாலாவது தெரு அளத்துக் குடியிருப்புக்குப் போவது. அங்கே யாரையும் நிறுத்தத் தேவையில்லை என்று குறிக்கப்பட்டது.

தங்கபுஷ்பம் நாற்சந்திக்குப் போகவில்லை. வியாழக்கிழமை காலையில் வீட்டு வாசலை மெழுகினாள், இரண்டு பெட்டி உப்பைக் கொண்டுவந்து வாசலிலிருந்து தெருமுனைவரை பாவினாள், அடுப்பை மூட்டி உலை வைத்தாள், அரிசியைக் களைந்து வைத்துவிட்டு உப்புப் போடாமல் காத்திருந்தாள்.

அங்கே, சுண்ணாம்பு வட்டத்துக்கு நடுவே, பாதங்கள் நின்றன. நகரவில்லை. பன்னிரண்டு நாள் இரும்புக்குள் நடந்த களைப்பாக இருக்கலாம். அல்லது சுற்றிலும் அத்தனை கால்களை ஒன்றாகப் பார்த்ததில் எது வழி என்று தெரியாமல் போயிருக்கலாம். பத்தரை ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. வலது பெருவிரல் எங்களைத்தான் பார்க்கிறது என்றது கோயில் தெரு. இடது பெருவிரல் கோணலாக எங்களைப் பார்க்கிறதே என்றது சர்ச் தெரு. முதுகு காட்டி நிற்கிறவன்தான் வீட்டுக்குள் வரப்போகிறவன், குதிகால் எங்கள் பக்கம் என்றது தர்கா தெரு. தாலுகா சர்வேயர் சங்கிலியோடு வந்து விரல்களின் திசையை அளந்தார், அளந்து மூன்று பேருக்கும் பொதுவாக இருக்கிறது என்று சொன்னார். உண்மையைச் சொன்ன அந்த ஆளுக்குத்தான் முதல் அடி விழுந்தது.

முதல் கல்லை எறிந்தது யாரென்று மூன்று தெருவிலும் மூன்று பெயர் சொல்கிறார்கள். அப்புறம் கல், அப்புறம் கம்பு, அப்புறம் சோடா பாட்டில். சாமி பெயரைச் சொல்லிக்கொண்டுதான் அடித்தார்கள், சாமி பெயரைச் சொல்லிக்கொண்டுதான் விழுந்தார்கள், கத்தலில் எந்தப் பெயர் எந்தச் சாமியுடையது என்று பிரித்துக் கேட்க முடியவில்லை. அண்ணனைக் கூட்டிப்போக வந்த சவேரியம்மாளின் வலது மணிக்கட்டை ஒரு கம்பு நொறுக்கிற்று. கம்பு பிடித்தவன் அவள் பக்கத்து ஆள்தான், அவசரத்தில் முகம் பார்க்கவில்லை. நாற்சந்தியில் இருநூற்றுச் சொச்சம் செருப்புகள் கிடந்தன, மூன்று பேர் அசையாமல் கிடந்தார்கள். மெய்யைப் பார்க்க வந்தவர்களில் ஒருவர்கூட அப்போது பாதங்களைப் பார்க்கவில்லை.

உலை கொதித்து அரிசியைப் போட்ட நேரத்தில் தங்கபுஷ்பத்துக்குத் தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டது. நறுக். நறுக், இழுப்பு. நறுக். நறுக், இழுப்பு. தூரத்தில் ஊர் அலறிக்கொண்டிருந்தது, அதற்கு அடியில், அப்பளம் நொறுங்குகிற அளவுக்கு, அது மட்டும் வந்துகொண்டிருந்தது. மூன்று தெருவுக்கு இரண்டு நாள் எடுத்தவை வீட்டுப் பக்கம் திரும்பியதும் அரை மணியில் வந்துவிட்டன. அவள் வாசலுக்குப் போகவில்லை. என்றைக்கும் போனதில்லை. தட்டை எடுத்து வைத்தாள்.

பாதங்கள் படியேறி, அடுக்களைக்கு வந்து, அடுப்பெதிரே நின்றன. நின்ற இடத்தில் ஒரு பிடி உப்பு கசிந்தது. அவள் அதை வழித்து உலையில் போட்டாள், வெந்ததும் வடித்தாள், தட்டில் போட்டு அவற்றின் முன்னால் வைத்தாள், பிறகு அந்தச் சோற்றைத் தானே தின்றாள், கடைசிப் பருக்கைவரை. மூன்று தரப்பும் தங்கள் வாசலில் பிடித்து வைக்கப் பார்த்தவை அவள் கை கழுவி வருவதற்குள் வெறும் பாதங்களாகிக் கிடந்தன, சுள்ளியைப்போல, எடையே இல்லாமல். ஊரில் நூற்று நாற்பத்திநாலு தடையுத்தரவு போட்டிருந்த மறுநாள் காலை, அளத்தில் ஓர் ஈ காக்கை இல்லாதபோது, ராசமணி செத்த பாத்தியின் வரப்பில் கோடித் துணியில் சுற்றிப் புதைத்தாள்.

ஆறு மாதத்தில் மூன்று இடத்திலும் பளிங்கில் பாதம் வைத்தார்கள். கலவரத்தின் நடுவே பாதங்கள் தங்கள் ஆலயத்துக்குள் புகுந்து மறைந்ததை நேரில் கண்டவர்கள் ஒவ்வொரு தெருவிலும் நாற்பது பேராவது இருந்தார்கள். மாசி வியாழனில் மூன்று திருவிழா, மூன்று ஒலிபெருக்கி, மூன்று வரிசை போலீஸ். முதல் உப்பை இப்போது மூன்று பேர் மூன்று கொட்டானில், தத்தம் வாசலுக்கு மட்டும் எடுத்துப் போனார்கள். நாலாவது பிடி என்று ஒன்று இருந்தது ஊருக்கு மறந்தது. அந்த வருஷமும் மழை தன் இஷ்டத்துக்குத்தான் பெய்தது.

தங்கபுஷ்பம் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாள். மூன்றாம் பளிங்கு வைத்த அன்றைக்குத் தண்ணீர்க் குழாயடியில் அவரவர் பாதத்தின் பெருமையை அவரவர் பேசிக்கொண்டிருந்தபோது, "கோயில்ல ரெண்டு, சர்ச்சுல ரெண்டு, தர்காவுல ரெண்டு. ஆறு காலு இருந்திருந்தா எங்க வீட்டுக்காரவிய ஈயாவுல்ல இருந்திருக்கணும்? நெசமான ரெண்டும் நான் பொதச்ச எடத்துல கெடக்கு," என்றாள். எந்த இடம் என்று கேட்டார்கள். அவள் சொல்லவில்லை. மறுநாள் மூன்று கமிட்டியும் தனித்தனியே கூடி, தனித்தனியே ஒரே தண்டனையை விதித்தன: குழாய் கிடையாது, கடையில் சாமான் கிடையாது, அளத்தில் யாரும் அவளுக்குத் தூக்கிவிடக் கூடாது.

தூக்கிவிட ஆளில்லாமல் இருபத்தாறு வருஷம் அரைப்பெட்டி சுமந்தாள். ஒரு மணிக்கட்டு வளைந்துபோன சவேரியம்மாளுக்கு அளத்தில் வேலை இல்லை. கொஞ்ச காலம் கழித்து அவள் சாயங்காலங்களில் அந்த வீட்டு வாசலுக்கு வந்து உட்கார்ந்தாள், எதற்காக வந்தாள் என்று இவள் கேட்கவில்லை. இரண்டு பேரும் அதிகம் பேசியதாகத் தெரியவில்லை. சவேரியம்மாள் ஒரு தடவை, "எதுட்டி நெசம்?" என்று கேட்டாளாம். "சோறு வெந்திருக்கும், வா," என்றாளாம் தங்கபுஷ்பம்.

தங்கபுஷ்பம் ஒரு மாசி மாதம் காய்ச்சலில் இறந்தாள். மூன்று தெருவிலிருந்தும் யாரும் வரவில்லை. அளத்துக்காரர்கள் நாலு பேர் எரித்தார்கள். பாதங்கள் எரியவில்லை. மறுநாள் சவேரியம்மாள் சுடுகாட்டுக்குப் போனாள். அவை சாம்பலிலேயே, வைத்த இடத்திலேயே இருந்தன, ஓர் எட்டும் எடுத்து வைத்திருக்கவில்லை. இடது கையால் குழி தோண்டி அவள் அவற்றைப் புதைத்தாள்.